முதலில் தண்ணீர், அப்புறம்தான் மருந்து

போன மாசம் அக்கா பையனுக்கு வயிற்றுப்போக்கு. ஒன்றரை வயசு. விடியற்காலையில் ஆரம்பித்து மதியத்துக்குள் ஏழெட்டு தடவை போய்விட்டான். கூடவே வாந்தி.

நம்ம வீட்டில்தான் ஆளாளுக்கு வைத்தியராச்சே! "செரிக்காத எதையோ தின்னிருக்கான், தொக்கம் எடுக்கணும்" என்றார் பாட்டி. "ஒண்ணும் கொடுக்காதே, வயிறு காயட்டும்" என்றார் பெரியம்மா. நான் மட்டும் என்ன? படித்தவன் இல்லையா! தெருமுனை மருந்துக்கடைக்குப் போய், "குழந்தைக்கு லூஸ் மோஷன், நல்ல ஆன்டிபயாட்டிக்கா கொடுங்க" என்று கேட்டு ஒரு சிரப் வாங்கி வந்தேன். டாக்டர் சீட்டும் இல்லை, குழந்தையின் எடையையும் யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் பையன் அழுதான். கண்ணீர் வரவில்லை. அக்காதான் அதை முதலில் கவனித்தாள். கண்கள் உள்ளே போயிருந்தன. மதியத்திலிருந்து ஒன்றுக்கும் போகவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டர் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். மெதுவாகத்தான் பழையபடி ஆனது. "காலையிலேர்ந்து என்ன குடிச்சான்?" என்றார். யாரிடமும் பதில் இல்லை. பி.காம் படிக்கிறேன் என்று பெயர், செலவை மட்டும் எண்ணிவிட்டு வரவைப் பார்க்கவே இல்லை.

ட்ரிப்ஸ் ஏற்றவில்லை. ஓ.ஆர்.எஸ். கரைசலை ஸ்பூன் ஸ்பூனாக நாலு மணி நேரம் கொடுக்கச் சொன்னார். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு, இன்னும் மெதுவாக. ராத்திரி அவன் அக்கா புடவையை நனைத்தபோது நாங்கள் சந்தோஷப்பட்ட மாதிரி யாரும் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள் :)

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. குழந்தைகளுக்கு வரும் தண்ணீர் போன்ற வயிற்றுப்போக்கில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. அதற்கு ஆன்டிபயாட்டிக் வேலையே செய்யாது, சில சமயம் அதுவே போக்கை அதிகமாக்கும். பாக்டீரியாவாக இருந்தாலும் பல நேரம் தானாகச் சரியாகிவிடும். மலத்தில் ரத்தம் வந்தாலோ, காலரா என்று சந்தேகம் இருந்தாலோ ஆன்டிபயாட்டிக் வேண்டும். அதையும் டாக்டர்தான் முடிவு செய்யணும். ஆளைக் கொல்வது பெரும்பாலும் கிருமி இல்லை, நீரிழப்பு.

1971-ல் பங்களாதேஷ் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்கான் அகதி முகாமில் காலரா. சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோயின. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். சாவு மளமளவென்று குறைந்தது. நோய்ப்பட்ட குடலிலும் குளுக்கோஸ் உப்பைக் கூட்டிக்கொண்டு உள்ளே போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும். சூட்சுமம் அவ்வளவுதான். அவர் 2022-ல் காலமானார்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா என்று போட்ட பாக்கெட்டாகப் பார்த்து ரெண்டு வாங்கி வீட்டில் வையுங்கள். எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அதே அளவில் கரைக்கணும். தாய்ப்பால், கஞ்சி, இட்லி எதையும் நிறுத்த வேண்டாம். டாக்டர் சொல்கிறபடி 10 முதல் 14 நாள் ஜிங்க் கொடுக்கணும். குழந்தை சோர்ந்து கிடந்தால், குடிக்க முடியாவிட்டால், ரத்தம் வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

நான் வாங்கின சிரப் பாட்டிலை அக்கா இன்னும் தூக்கிப் போடவில்லை. என்னைக் கிண்டல் செய்யவே அலமாரியில் வைத்திருக்கிறாள்.