சேர்வராயன் மலையில் காட்டுமாடுகள்

‘சபாரி’ என்னும் சுவாகிலிச் சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள். தான்சானியாவின் செரங்கெட்டிக்குச் செல்வோர், கூரை திறந்த வண்டிகளில் நின்றவாறே சிங்கத்தையும் யானையையும் கண்டு மகிழ்வர். அத்தனை தொலைவு செல்லும் வசதி நம் பங்குக் குடும்பங்களில் எத்தனை பேருக்கு உண்டு? சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டை அடைந்தால், உலகின் காட்டுமாட்டினங்களில் மிகப் பெரியதைக் காணும் பேறு நமக்கும் வாய்க்கலாம்.

ஏரி, படகுத்துறை, 1917-இல் தொடங்கப்பெற்ற மான்ட்போர்ட் பள்ளி ஆகியவற்றை நம் வாசகர் பலரும் அறிவர். அவற்றை இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மாலை ஐந்து மணியளவில், காப்பித் தோட்டத்தை ஒட்டிய சாலையில் நம் ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களின் நடுவே கரும்பாறை ஒன்று அசைந்தது. முழங்காலுக்குக் கீழே வெண்காலுறை அணிந்தாற்போன்ற கால்கள், உயர்ந்த திமில், வளைந்த கொம்புகள். வளர்ந்த காளை ஏறக்குறைய ஆயிரம் கிலோ எடை இருக்குமாம். நாளிதழ்கள் இதனைக் காட்டெருமை என்றே எழுதுகின்றன. ஆயினும் இது எருமையன்று, மாட்டினமே. சங்கப் புலவர்கள் வழங்கிய ‘ஆமா’ என்னும் பெயரே நமக்கு இனிதாகப்படுகிறது.

1820-களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் இம்மலையில் காப்பியைப் புகுத்தினார். காடாயிருந்த சரிவுகள் தோட்டங்களாயின. உண்ணிச்செடி மண்டிய இடங்களில் புல்லும் அருகுகிறது. மேய்ச்சல் குறைந்த விலங்கு தோட்டத்திற்குள் வராமல் எங்கே செல்லும்? 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் காக்கிறது, அது முறையே. ஆனால் செரங்கெட்டியில் விலங்கைக் காண்பவர் வண்டிக்குள் இருக்கிறார். இங்கே அதனை எதிர்கொள்பவர், இடுப்பில் கூடை கட்டிப் பழம் பறிக்கும் ஏழைப் பெண்.

அம்மாடு சாலையைக் கடக்க இருபது நிமிடங்கள் ஆயின. அதற்குள் வேறொரு வண்டியிலிருந்து இளைஞர் இருவர் புகைப்படக் கருவியுடன் இறங்கியதைக் கண்டு நாம் அஞ்சினோம். வேடிக்கைக்கும் ஓர் எல்லை வேண்டாமா?

வளைவின் மறுபுறம் தோட்டப் பெண்கள் எண்மர் காத்து நின்றனர். “போன வருசம் எங்க சித்தப்பாவ முட்டித் தள்ளிருச்சுங்க ஐயா, இன்னும் இடுப்பு நிமிரல. வெளிச்சம் வந்தாத்தான் வேலைக்கு எறங்குவோம், இருட்டுறதுக்குள்ள வீடு சேந்துருவோம்” என்றார் அவர்களுள் மூத்தவர். அன்று அவர்களுக்கு இருட்டிவிட்டது. ஊருக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்றார்கள்.