ஓடி ஓய்ந்த குதிரைக்கு ஓர் இடம்



நுவரெலியாவுக்கு வருபவர்கள் கிரகரி ஏரியையும் பூந்தோட்டத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவதே வழக்கம். அடுத்த முறை வந்தால் சற்றுக் கிழக்கே போய்ப் பாருங்கள். கந்தப்பளை, ராகலை என்று மலையோடு வளையும் பாதை உங்களை உடப்புசல்லாவைக்குக் கொண்டு சேர்க்கும். 1904-இல் நானுஓயாவிலிருந்து ராகலை வரை ஓடத் தொடங்கிய சின்ன ரயிலுக்கு இந்த ஊரின் பெயரைத்தான் வைத்தார்கள். 1940-களோடு அந்த ஓட்டம் நின்றது. தேயிலை மட்டும் நிற்கவில்லை. இலங்கையின் ஏழு தேயிலைப் பிரதேசங்களில் உடப்புசல்லாவையும் ஒன்று.

அந்தப் பாதையில் ஏறுமுன் நகரத்திலேயே உங்கள் கண்ணில் படுவது குதிரை. 1875-இல் வெள்ளைக்காரர்கள் அமைத்த பந்தயத் திடல் அங்கே உள்ளது. கொழும்புத் திடலில் 1956-இல் பந்தயம் நின்றது. பின்னாளில் பந்தயக் குதிரைக்குப் புகலிடமானது நுவரெலியாதான். சித்திரை வசந்த காலத்தில் கூட்டம் அலைமோதும். சூதாட்டம் ஹராம் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. நான் சொல்ல வருவது குதிரையைப் பற்றி.

பந்தயக் குதிரை இரண்டு மூன்று வயதில் ஓடத் தொடங்குகிறது. பத்து வயதாகுமுன் பெரும்பாலும் ஓய்ந்துவிடுகிறது. அதன் ஆயுளோ இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள். மீதிக் காலம் எங்கே போவது? சில ஏரிக்கரையில் சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கின்றன. சில தெருவோரம் புல் தேடி அலைகின்றன. பனிமூட்டத்தில் வரும் வாகனத்துக்குக் குதிரை எங்கே தெரியும்?

அடிபட்ட குதிரையின் நிலை இன்னும் பரிதாபம். முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே பின்புறமாக ஓடும் தசைநார் கிழிந்தால், ஆறுவதற்கு மாதக் கணக்கில் ஆகும், ஓராண்டும் ஆகலாம். ஆறினாலும் பழைய நெகிழ்வு வராது. அதை மறுபடியும் தார்ச் சாலையில் சவாரிக்கு விடுவது கொடுமையல்லவா?

"தோட்டத்தில்தான் எவ்வளவோ இடம் இருக்கிறதே, அங்கே கொண்டுபோய் விடலாமே" என்று நீங்கள் கேட்கலாம். குளிர்ச்சி உண்டு, தண்ணீர் உண்டு. பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டு மண்ணைத் தேற்ற நடும் குவாட்டமாலாப் புல்லும் உண்டு. ஆனால் செங்குத்தான சரிவு நொண்டிக் காலுக்கு ஆகாது. ஓயாத மழைச் சேற்றில் குளம்பு அழுகும். மருந்தடித்த நிரையில் மேயவிட முடியாது. இரக்கப்பட்டு கோவாக் கழிவை அள்ளிக் கொட்டினால் வயிற்று வலியே குதிரையைக் கொன்றுவிடும். தனியாகக் கட்டி வைத்தாலும் ஏங்கிப்போகும். அது கூட்டமாக வாழும் பிராணி.

செலவையும் எண்ணிப் பாருங்கள். 450, 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்குச் சுமார் பத்துக் கிலோ உலர்ந்த தீனி வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை குளம்பு சீவ வேண்டும். பல் பார்க்க வேண்டும், மருத்துவர் வர வேண்டும். லயன் அறையில் நெருக்கியடித்து வாழும் தொழிலாளியிடம், "சும்மா தருகிறேன், வைத்துக்கொள்" என்று கயிற்றைக் கொடுத்துவிட்டுப் போவது ஸதகா ஆகாது. தன் சுமையை ஏழையின் தலையில் இறக்குவதுதான் அது.

அப்படியானால் யார் பொறுப்பு? இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' ஓதியவர்களுக்கு இது தெரியும். பிராணிக்குத் தீனியும் தண்ணீரும் கொடுப்பது உரிமையாளர் மீது கடமை. மறுத்தால் தீனி போடவோ, விற்கவோ, உண்ணத்தக்கதானால் அறுக்கவோ அவர் கட்டாயப்படுத்தப்படுவார். பட்டினி போட்டு வைத்திருக்க அனுமதியே இல்லை. அதன் முதுகில் சம்பாதித்தவர்தான் அதன் முதுமைக்கும் பொருள் ஒதுக்க வேண்டும்.

இது நடக்காத காரியமல்ல. திமிஷ்கில் முதிர்ந்து தளர்ந்த குதிரைகள் சாகும்வரை மேய்வதற்கென்றே ஒரு பசும்புல் வெளி வக்ஃபு செய்யப்பட்டிருந்ததை முஸ்தபா அஸ்ஸிபாஈ எழுதியிருக்கிறார். 1930-இல் கெய்ரோவுக்கு வந்த டொரத்தி புரூக் என்ற ஆங்கிலப் பெண்மணி, முதல் உலகப் போரில் உழைத்த குதிரைகள் தெருவில் எலும்பும் தோலுமாக வண்டி இழுப்பதைக் கண்டார். பத்திரிகைக்குக் கடிதம் எழுதிப் பணம் திரட்டினார். சுமார் ஐயாயிரம் குதிரைகளை விலைக்கு வாங்கினார். தேற்ற முடியாதவற்றுக்கு வலியில்லாத முடிவைக் கொடுத்தார். 1934-இல் அவர் தொடங்கிய இலவச மருத்துவமனை, வண்டிக்காரர்களின் பிராணிகளுக்கும் வைத்தியம் பார்த்தது. ஏழையை விரட்டாமல் அவனுக்குத் துணை நின்றதுதான் அதன் சிறப்பு.

ஆகவே வாசகர்களே, குதிரைக்கு நல்ல வீடு தேடுபவர் நான்கு கேள்விகள் கேட்கட்டும். சமதரை உண்டா? மழைக்கு ஒதுங்க லாயம் உண்டா? துணைக்கு இன்னொரு குதிரை உண்டா? பத்து வருடத் தீனிக்குப் பணம் யார் தருவது? நான்காவதற்குப் பதில் இல்லையென்றால் முதல் மூன்றும் வீண்.

நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஏரிக்கரையில் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றுமுன் அது நடப்பதைக் கவனியுங்கள். தலையை ஆட்டி ஆட்டி நடந்தால் கால் வலிக்கிறது என்று பொருள். முதுகில் புண் இருக்கிறதா என்று சேணத்தைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். இருந்தால் ஏற்றாதீர்கள், காரணத்தையும் சொல்லிவிட்டு வாருங்கள்.

வயிறு ஒட்டிப்போன ஒட்டகத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், வாயில்லா ஜீவன்கள் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சும்படி எச்சரித்தார்கள். அந்த அச்சத்தை அவன் நம் எல்லோருக்கும் தருவானாக, ஆமீன்.