பள்ளத்தாக்கும் பச்சை மேஜையும்

மதுரையிலிருந்து மேற்கு நோக்கிப் பிரயாணம் செய்கிறவர்கள், ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டியதும் ஒரு மாறுதலை உணர்வார்கள். அதுவரையில் கருவேல மரங்களும் கற்பாறைகளுமாகக் காட்சியளித்த பூமி மெல்லப் பசுமை பூணத் தொடங்குகிறது. மேற்கே நீல மலைத்தொடர் எழுந்து வானத்தில் பாதியை மறைக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் போனால், மலை இடுக்குகளின் வழியே புகுந்து வரும் காற்று நமது மேல்வேஷ்டியைக் கேளாமலே கழற்றிக்கொண்டு போய்விடும். அந்தக் காற்றை நம்பித்தான் இன்று வரிசை வரிசையாகக் காற்றாலைகள் அங்கே கை வீசிக்கொண்டு நிற்கின்றன.

தேனி, சந்தையால் வளர்ந்த ஊர். மலையிலிருந்து இறங்கும் ஏலமும் மிளகும், சமவெளியில் விளையும் நெல்லும் பருத்தியும் இங்கே சந்தித்துக் கைமாறுகின்றன. 1996-ஆம் வருஷத்தில் மதுரை ஜில்லாவிலிருந்து பிரித்துத் தனி ஜில்லாவுக்குத் தலைநகரமாக்கினார்கள். இங்கிருந்து மலையை நோக்கி இரண்டு பாதைகள் செல்கின்றன. தெற்கே போகும் பாதை சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று பள்ளத்தாக்கின் நீளம் முழுவதும் ஓடிக் குமுளியில் மலை ஏறுகிறது. மேற்கே போகும் பாதை போடிநாயக்கனூர் வழியாக மலை ஏறி, மூணாறைக் கடந்து, அரபிக் கடலோரத்துக் கொச்சியில் போய்ச் சேருகிறது. மேற்குப் பாதையில் ஏறித் தெற்குப் பாதையில் இறங்குவதென்று நாம் தீர்மானித்தோம்.

இந்தப் பிரயாணத்துக்கு ஒரு காரணம் உண்டு. இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான அந்த மேற்குப் பாதையின் மறு கோடியில், கொச்சி நகரில், 2019-ஆம் வருஷம் பிப்ரவரிக் கடைசியிலும் மார்ச் தொடக்கத்திலும் உலகத்துத் தொழில்முறை ஸ்னூக்கர் ஆட்டக்காரர்கள் வந்து கூடினார்கள். 'இந்தியன் ஓபன்' என்பது அந்தப் பந்தயத்தின் பெயர். இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தைச் சேர்ந்த மாத்யூ செல்ட், சீன தேசத்து லியு ஹவ்தியனை ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் ஜயித்தார். கொச்சியில் ஏலக்காய் விலை ஒரு ரூபாய் ஏறினால் அரை மணி நேரத்தில் போடியில் தெரிந்துவிடும். ஆனால், உலகச் சூரர்கள் கூடிய அந்தப் பந்தயத்தின் பேச்சு இந்தப் பக்கத்துத் திண்ணைகளை எட்டவே இல்லை. மலைக்கு இருபுறமும் இத்தனை போக்குவரத்து நடந்து வரும்போது, இந்த ஆட்டம் மட்டும் மலையிறங்கி வராததற்கு என்ன காரணம்? அதைக் கண்டறியத்தான் புறப்பட்டோம்.

இந்த ஆட்டத்தைப் பார்த்திராத நேயர்களுக்காக இரண்டொரு வார்த்தை. பன்னிரண்டு அடி நீளமும் ஆறடி அகலமும் உள்ள பெரிய மேஜை. ஸ்லேட் கல்லைச் சமதளமாக இழைத்து, அதன்மேல் பச்சைக் கம்பளித் துணி போர்த்தியிருப்பார்கள். ஆறு இடங்களில் குழிகள். நீண்ட கோலால் வெள்ளைப் பந்தை இடித்து, அதைக்கொண்டு மற்றப் பந்துகளைக் குழியில் விழச் செய்ய வேண்டும். மூன்றே பந்துகளுடன் ஆடினால் பில்லியர்ட்ஸ். பதினைந்து சிவப்புப் பந்தும் ஆறு பல வர்ணப் பந்தும் ஒரு வெள்ளைப் பந்தும் வைத்து ஆடினால் ஸ்னூக்கர். சிறிய மேஜையில் எண் எழுதிய பந்துகளை வைத்து ஆடுவது அமெரிக்கர்கள் வளர்த்த பூல். ஆட்டக்காரர்கள் பந்தயப் பணத்தை ஒன்றாகப் போட்டு வைத்ததிலிருந்து 'பூல்' என்ற பெயர் வந்தது. பெயரைக் கேட்டே பெற்றோர்கள் முகம் சுளிப்பதற்கு நியாயம் இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்லுவோம்.

இந்த மூன்றில் ஸ்னூக்கர் நமது நாட்டிலேயே பிறந்தது. 1875-ஆம் வருஷத்தில் ஜபல்பூர் ராணுவ முகாமில், மழைக்காலத்தில் பொழுது போகாத ஆங்கில அதிகாரிகள் பழைய ஆட்டம் ஒன்றில் புதிய வர்ணப் பந்துகளைச் சேர்த்து ஆடினார்கள். அவர்களில் ஒருவர் நெவில் சேம்பர்லின். (பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரதம மந்திரியாக இருந்த சேம்பர்லின் வேறு, இவர் வேறு.) சென்னை ராணுவத்தின் பிரதம சேனாதிபதியிடம் அவர் உத்தியோகம் ஏற்று உதகமண்டலத்துக்கு வந்தபோது ஆட்டமும் கூடவே வந்தது. 1880-களின் முற்பகுதியில் அதன் விதிகள் உதகமண்டலம் கிளப்பில் எழுதப்பெற்றுச் சுவரில் தொங்கின. ஆகவே, பிறந்தது ஜபல்பூரானாலும் பெயர் சூட்டி விதி எழுதிய வீடு நமது நீலகிரிதான். ஆயினும், அந்தக் காலத்து வெள்ளைக்காரர் கிளப்புகளில் இந்தியர்கள் அங்கத்தினராக முடியாது. மேஜையைத் துடைக்கவும், கோலை எடுத்துக் கொடுக்கவும், புள்ளிக் கணக்கைப் பார்க்கவும் 'மார்க்கர்' என்ற பெயரோடு நம்மவர்கள் உள்ளே போனார்கள். நமது மண்ணில் பிறந்த குழந்தையை நாம் ஊழியக்காரர்களாக நின்று தாலாட்ட வேண்டியிருந்தது.

போடிநாயக்கனூரில் இறங்கியவுடன் ஏல வாசனை வந்து வரவேற்கிறது. 1928-ஆம் வருஷத்தில் இங்கே ரயில் வந்தது. பின்னர் அகலப் பாதையாக்குவதற்காகப் பல வருஷம் மூடிக் கிடந்து, 2023-ல் சென்னையிலிருந்து நேராகவே வண்டி வந்து சேர்ந்தது. ஊருக்கு மேற்கே உள்ள கொட்டகுடிப் பக்கம்தான் ஒரு காலத்தில் மூணாற்றுத் தேயிலை இறங்கிய வழி. மலையுச்சியில் டாப் ஸ்டேஷன் வரைக்கும் சிறிய ரயிலில் வந்த தேயிலைப் பெட்டிகள், அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கின. 1924-ஆம் வருஷத்துப் பெருவெள்ளம் அந்த மலை ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. பெட்டி இறங்கிய வழியே மனிதர்கள் ஏறினார்கள். மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் ஏழைக் குடும்பங்கள் சட்டி பானையுடன் நடந்தே ஏறித் தோட்டங்களை உண்டாக்கின.

போடிமெட்டு ஏறும் சாலையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தாக்கு கீழே விரிந்துகொண்டே போகிறது. உச்சியில் நின்று பார்த்தால் வயலும் தோப்பும் குளமும் யாரோ விரித்து வைத்த ஜமக்காளம் போலிருக்கின்றன. அப்பால் பூப்பாறை, அதற்கும் அப்பால் ஆனையிறங்கல். பெயருக்கு ஏற்ப ஆனைகள் இறங்கி வரும் இடம் அது.

ஆனைகளைப் பற்றிப் பேசும்போது நமது ஆட்டத்தின் ஞாபகம் வராமலிருக்க முடியாது. பழைய காலத்தில் பந்துகளைத் தந்தத்தில் கடைந்தார்கள். ஒரு தந்தத்திலிருந்து தேறுவது சில பந்துகள்தாம். வெள்ளைக்காரனுடைய மாலைப் பொழுதுபோக்குக்காக ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஆனைகள் மாண்டன. தந்தம் அருகி விலை ஏறவே, 1863-ல் அமெரிக்க வியாபாரிகள் மாற்றுப் பொருள் கண்டுபிடிப்பவருக்குப் பதினாயிரம் டாலர் பரிசு தருவதாக அறிவித்தார்கள். அந்தத் தேட்டத்திலிருந்துதான் ஜான் வெஸ்லி ஹையட் என்பவர் செல்லுலாய்டைப் பக்குவப்படுத்தினார். இன்று வீடெங்கும் நிறைந்திருக்கும் பிளாஸ்டிக் யுகத்துக்கு இந்தப் பச்சை மேஜையும் ஒரு பாட்டி என்று சொல்லலாம்.

மூணாற்றில் ஹை ரேஞ்ச் கிளப் இருக்கிறது. தேயிலைத் துரைமார்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்துக்கொண்ட இடம். நெடுங்காலம் பணி செய்து ஊர் திரும்பிய துரைமார்களின் தொப்பிகள் இன்றும் அதன் சுவரில் மாட்டியிருக்கின்றன. பில்லியர்ட்ஸ் மேஜையும் உண்டு. தொப்பிகளைப் பற்றிக் கேள்விப்பட்டபோது நமக்கு ஓர் எண்ணம் தோன்றியது. தேயிலைக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு அதைவிட அதிக காலம் உழைத்த நம் பெண்களின் முண்டாசுகளை எந்தச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள்? ஆட்டம் இறங்கி வராத காரணத்தின் பாதி இங்கே விளங்கிவிட்டது. கதவு சாத்தியிருந்த வீட்டிலிருந்து எது இறங்கி வரும்?

சுதந்திரம் வந்த பிறகு கதவுகள் திறக்கவே செய்தன. 1958-ஆம் வருஷத்தில் கல்கத்தாவில் நடந்த உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் வில்சன் ஜோன்ஸ் ஜயித்தார். எந்த விளையாட்டிலும் தனி மனிதராக உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் என்ற பெருமை அவருக்கு உரியது. பிற்பாடு மைக்கேல் பெரைரா, கீத் சேத்தி, பங்கஜ் அத்வானி என்று வரிசை வளர்ந்தது. 2013-ல் டில்லியில் முதல் 'இந்தியன் ஓபன்' நடந்தபோது ஆதித்ய மேத்தா இறுதி ஆட்டம் வரையில் வந்து, சீனத்து டிங் ஜுன்ஹுவிடம் தோற்றார். ஆனால் இவர்கள் பம்பாய், ஆமதாபாத், பெங்களூர் போன்ற பட்டணத்துக்காரர்கள். சிற்றூர்களின் பக்கம் கதவு திறந்தபாடில்லை.

மூணாற்றிலிருந்து திரும்பிப் பூப்பாறை, நெடுங்கண்டம் வழியாகக் குமுளியை அடைந்து, லோயர் கேம்ப்புக்கு இறங்கினோம். மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பிய வேலை 1895-ல் முடிந்தது. அதை முடித்த பென்னிகுயிக்கின் படத்தை இந்தப் பள்ளத்தாக்கில் வீடுகளிலும் கடைகளிலும் காணலாம். மலைமேல் தொப்பியை மாட்டிவிட்டுப் போன வெள்ளைக்காரர்கள் பலர். தண்ணீரை விட்டுப் போனவரையே ஜனங்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

கூடலூர் தாண்டினால் திராட்சைப் பந்தல்கள். கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாம் கம்பத்தை அடைந்தபோது அந்தி நேரம். விடியுமுன் ஜீப்புகளில் ஏலத் தோட்டங்களுக்குப் போன பெண்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு தேநீர்க் கடையின் பக்கத்தில், தாழ்வாகத் தொங்கிய விளக்கின்கீழ் நான்கு வாலிபர்கள் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் பத்துப் பேர் நின்று பார்த்தார்கள். பலகையில் போரிக் பவுடரைத் தூவி, ஒருவன் ஸ்ட்ரைக்கரைச் சுண்டினான். அது எதிர்க் கட்டையில் மோதித் திரும்பி, தன் பக்கத்துக் காயைக் குழியில் தள்ளிவிட்டு, அடுத்த காய்க்கு நேராக வந்து நின்றது.

"தம்பி, பில்லியர்ட்ஸ் பார்த்ததுண்டா?" என்று கேட்டோம்.

"டி.வி.யிலே பாத்திருக்கேன் ஐயா. பெரிய கேரம் போர்டுதானே அது? சுண்டுறதுக்குப் பதிலா குச்சியால இடிக்கிறாங்க" என்றான்.

இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது! காயைத் தள்ளுவது பாதி வித்தை. அடுத்த காய்க்கு வசதியாக நிற்பது மறு பாதி. ஸ்னூக்கரின் ரகசியமும் அதுவே. கேரம் விஷயத்தில் தமிழ்நாடு உலகத்துக்கே வாத்தியார். சர்வதேசக் கேரம் சம்மேளனம் 1988-ல் சென்னையில் நிறுவப்பெற்றது. 1991-ல் டில்லியில் நடந்த முதல் உலகப் போட்டியில் சென்னை மரிய இருதயம் பட்டம் பெற்றார். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் சென்னையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா மூன்று தங்கப் பதக்கம் வென்றாள். காரணம் வெகு எளிது: கேரம் பலகைக்குக் கதவு இல்லை. எந்தத் தெருவிலும் வைக்கலாம், யாரும் ஆடலாம்.

கோலும் பந்தும் கொண்ட ஆட்டத்துக்கும் இதே விதிதான் என்பதைப் பிலிப்பைன்ஸ் தேசம் காட்டியிருக்கிறது. அங்கே பூல் மேஜை தெருவுக்குத் தெரு உண்டு. எஃப்ரென் ரேயஸ் என்ற ஏழைச் சிறுவன், மணிலாவில் தன் மாமன் நடத்திய பூல் கூடத்தில் எடுபிடி வேலை செய்துகொண்டு, இரவில் மேஜைமேலேயே படுத்துத் தூங்கினான். மேஜை எட்டாத வயதில் சோடாப் பெட்டிகளின்மேல் நின்று பழகினான். அவனே 1994-ல் அமெரிக்க ஓபன் ஒன்பது பந்துப் போட்டியில் ஜயித்த முதல் அந்நியனாகவும், 1999-ல் உலகத் தொழில்முறை வீரனாகவும் ஆனான். 2006-ல் உலகப் போட்டி பிலிப்பைன்ஸிலேயே நடந்தபோது ரொனாட்டோ அல்கானோ என்ற மற்றொரு பிலிப்பினோ பட்டத்தை வீட்டிலேயே வைத்துக்கொண்டான்.

"அதெல்லாம் சரி, பிள்ளைகள் சூதாட்டத்தில் விழுந்துவிட மாட்டார்களா?" என்று கவலைப்படும் தாய்மார்களுக்கு நமது பதில் இது. சூது ஆட்டத்தில் இல்லை, இருட்டில் இருக்கிறது. மூடிய அறையில், கேள்வி கேட்பாரற்ற இடத்தில் எந்த ஆட்டமும் சூதாகும். வெளிச்சத்தில், ஊரார் பார்வையில் நடக்கும் ஆட்டம் கல்வியாகும். இதற்குச் சாட்சி தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. தேனிக்கு வடக்கே பெரியகுளத்தில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கோடைதோறும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடந்து வருகிறது. ராணுவத்தார், ரயில்வேக்காரர், வங்கிக்காரர் என்று நாட்டின் பெரிய குழுக்கள் அந்தச் சிறிய ஊரைத் தேடி வருகின்றன. மாலையில் விளக்குப் போட்டு ஆடுகிறார்கள். ஊரார் திரளாக வந்து பார்க்கிறார்கள். திறந்த மைதானம் ஒன்று இருந்ததால் ஒரு சிற்றூர் தேசத்தையே வரவழைத்தது.

அப்படியிருக்க, பச்சை மேஜைக்கு மட்டும் ஏன் முடியாது? மேஜை விலை உயர்ந்தது, உண்மைதான். ஒரு குடும்பம் வாங்க முடியாது; ஒரு நகரசபை வாங்கலாம். நூல் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கூடம், அதில் இரண்டு மேஜை, நல்ல விளக்கு, கண்டிப்பான ஒரு வாத்தியார், பெண் குழந்தைகளுக்கும் இடம். இவ்வளவு போதும். இந்த மலைகளுக்குத் தேயிலையும் ஏலமும் கொடுத்த கைகளின் பேரப்பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். காய் எங்கே நிற்க வேண்டும் என்று கண்ணால் அளந்து விரலால் எழுதும் வித்தை அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. கோலை அவர்கள் கையில் கொடுக்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி. மலைக்கு அப்பால் ஓடிய ஆற்றையே இந்தப் பக்கம் திருப்ப முடிந்ததென்றால், ஓர் ஆட்டத்தைத் திருப்புவதா பெரிய காரியம்?