கசகசா, குருமா, ஒரு சின்ன டப்பா

மொஹாலிக்கு வந்து ஒன்பது வருஷமாகியும் எங்கள் அபார்ட்மென்ட் சங்கக் கூட்டத்தில் நான் வாயைத் திறந்ததில்லை, சமோசாவுக்குத் தவிர. போன ஞாயிற்றுக்கிழமை திறந்துவிட்டேன். இப்போது லிஃப்டில் ரெண்டு பேர் என்னைப் பார்த்தால் செல்போனைப் பார்க்கிறார்கள்.

விஷயம் இதுதான். வாட்ச்மேன், டிரைவர், வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் எல்லாருக்கும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை, முன்கூட்டிச் சொல்லாமல் போதைப் பரிசோதனை. செலவு அவர்கள் சம்பளத்தில் பிடித்தம். கோடு தப்பாக வந்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவது. பஞ்சாபில் போதை என்ன பாடுபடுத்துகிறது என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பிள்ளையைப் பறிகொடுத்த வீடு எங்கள் தெருவிலேயே உண்டு. அந்தப் பயத்தை நான் குறை சொல்லவில்லை.

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு அமெரிக்க வங்கியின் ப்ராஜெக்டில் என்னைப் போட்டார்கள். சேருமுன் சிறுநீர்ப் பரிசோதனை கட்டாயம். 1986-ல் ரீகன் மத்திய அரசு ஊழியர்களுக்கென்று போட்ட உத்தரவுக்குப் பின் அங்கே தனியார் கம்பெனிகளிடமும் பரவிய பழக்கம். வேலை இங்கே வந்தபோது கூடவே டப்பாவும் வந்துவிட்டது.

லேபில் பையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கழிப்பறையில் குழாய் அடைக்கப்பட்டிருந்தது. கதவுக்கு வெளியே ஒருத்தர் காவல். நாற்பது வயதில், ரெண்டு பிள்ளைக்கு அப்பா, டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூணாம் நாள் ஃபோன்: "சார், ஓபியேட் பாசிட்டிவ்."

அந்த வாரம் முழுக்க எனக்கு இருமல். டாக்டர் கோடீன் கலந்த மருந்து எழுதியிருந்தார். உடம்புக்குள் போனால் கோடீனில் ஒரு பங்கு மார்ஃபினாக மாறும். போதாததற்குத் தங்கமணி வைத்த குருமாவில் தாராளமாகக் கசகசா. அதுவும் கசகசாச் செடியின் விதைதானே!

பத்து நாள் தூக்கமில்லை. டீமில் எல்லாரும் என் கண்ணையே பார்ப்பதுபோல் ஒரு பிரமை. கடைசியில் மருந்துச் சீட்டைக் காட்டினேன். இரண்டாவது, நுணுக்கமான பரிசோதனையும் பார்த்துவிட்டு ஒரு டாக்டர் "நெகட்டிவ்" என்று எழுதினார். இதைத் தங்கமணியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா ஈரோட்டில் ரயில் டிரைவராக இருந்தவர். வண்டி எடுக்குமுன் மூச்சு ஊதிக் காட்ட வேண்டும். "அவமானமா இல்லையாப்பா?" என்று ஒரு தடவை கேட்டேன். "பின்னாடி ஆயிரம் பேர் தூங்கிட்டு வர்றாங்கடா. ஊதறதுல என்ன கௌரவக் குறைச்சல்?" என்றார். விமானிகளுக்கும் அப்படித்தான். தப்பினால் பிறர் உயிர் போகும் இடத்தில் சோதனை நியாயம். அதுவும் எல்லா டிரைவரும் ஊதினார்கள், அப்பா மட்டும் இல்லை.

ஆனால் ஏழை என்பதே சந்தேகத்துக்குக் காரணமானால்? அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலம் 2011-ல் அதைச் செய்து பார்த்தது. அரசு உதவித்தொகை கேட்டு வரும் குடும்பத்தார் முதலில் கைக்காசு போட்டுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தேறினால் காசு திரும்பும். நாலு மாசத்தில் 4,086 பேர் செய்துகொண்டார்கள். தேறாதவர்கள் 108. நூற்றுக்கு மூணு பேர்கூட இல்லை. அந்த அக்டோபரிலேயே நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2014 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அரசியல் சட்டத்துக்கு முரண் என்று சொல்லிவிட்டது.

பஞ்சாபிலேயே 2018 ஜூலையில் அரசு ஊழியர் எல்லாருக்கும் பரிசோதனை என்று முதல்வர் அமரிந்தர் சிங் அறிவித்தார். உடனே எழுந்த கேள்வி: "அப்படியானால் அமைச்சர்களும் எம்.எல்.ஏ.க்களும்?"

நானும் அதைத்தான் கேட்டேன். "முதலில் ஃப்ளாட் ஓனர்கள் செய்துகொள்வோம், நம் காலேஜ் பிள்ளைகளும் சேர்த்து. நானே தொடங்குகிறேன். நான் ஏற்கெனவே ஒரு தடவை ஃபெயிலானவன்" என்று கதையைச் சொன்னேன். என்னிடம் மருந்துச் சீட்டு இருந்தது, மறுபரிசோதனை இருந்தது, வாதாட இங்கிலீஷ் இருந்தது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிக் குடிக்கும் பெண்ணிடம் என்ன இருக்கும்?

கொஞ்சம் சிரிப்பு, நிறைய முணுமுணுப்பு. அடுத்த மாசம் பேசலாம் என்று தள்ளி வைத்திருக்கிறார்கள். ஜெயித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

மறுநாள் காலையில் எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருமினார். "மருந்து குடிக்கலையா?" என்று தங்கமணி கேட்டாள்.

"டெஸ்ட் வருதுன்னு வாட்ச்மேன் சொன்னாரு. அதான் நிறுத்திட்டேன்."

பி.கு: உங்களுக்கும் இந்த டப்பா வந்தால், சாப்பிடும் மருந்தெல்லாம் எழுதிக்கொடுங்கள், சீட்டைப் பத்திரமாக வையுங்கள். சில நாள் கசகசா குருமா வேண்டாம். 2023 பிப்ரவரியில் அமெரிக்க ராணுவ அமைச்சகமே தன் வீரர்களுக்குக் கசகசாவைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது!