வாசலில் கேட்ட குரல்

கல்லூரியிற் பயிலும் கிறிஸ்தவ மாணவன் ஒருவன் விடுமுறைக்கு ஊர் திரும்புவானாயின், அவனை எதிர்கொள்ளும் வினாக்கள் இரண்டு. தேர்வு எவ்வாறு எழுதினாய் என்பது ஒன்று; அழைப்பு வந்ததா என்பது மற்றொன்று. முன்னதற்கு யாதேனும் ஒரு விடை கூறித் தப்பலாம். பின்னதற்கு அவ்வாறு கூறித் தப்புதல் அரிது. கேட்பவர் நம் முகத்தையே உற்று நோக்கிக்கொண்டு நிற்பர்.

என்னிடம் அவ்வினாவைத் தவறாது விடுப்பவர் என் ஆச்சி. யான் பிறக்குமுன்னரே என்னைத் தேவ ஊழியத்திற்கென நேர்ந்துகொண்டவர் அவர். அன்னாள் தன் மகனை ஆலயத்திற்கு அளித்த வரலாற்றை நினைந்து எனக்குச் சாமுவேல் என்று பெயரிட்டவரும் அவரே. நேர்ந்துகொண்ட பிள்ளையோ வேதசாஸ்திரக் கலாசாலையின் வாயிலை மிதியாமல், தொல்காப்பியத்தையும் சங்க நூல்களையும் கட்டிக்கொண்டு கிடக்கின்றான். இதுபற்றி ஆச்சி என்னை ஒருபோதும் கடிந்ததில்லை. விடுமுறைதோறும், "அழைப்பு வந்ததா, ஐயா?" என்று மட்டும் கேட்பார். "இன்னும் இல்லை, ஆச்சி" என்பேன். "வரும்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவார்.

அழைப்பைப் பற்றி யான் கொண்டிருந்த எண்ணம் பெரிது. தமஸ்குவிற்குச் செல்லும் வழியிற் சவுலைச் சூழ்ந்த ஒளிபோல் ஓர் ஒளி தோன்றும். ஏசாயா ஆலயத்திற் கண்டதுபோல் ஒரு காட்சி விரியும். அப்பொழுது யான் ஏட்டை மூடிவைத்து எழுந்து நடப்பேன் என்று நினைத்திருந்தேன். ஒளியும் தோன்றவில்லை, காட்சியும் விரியவில்லை. ஆகவே, இறைவனுக்கு என்னால் ஆகவேண்டியது ஒன்றும் இல்லை போலும் என்று ஒருபுறம் வருத்தமும், மெய்யைச் சொல்லுமிடத்து, மற்றொருபுறம் சிறிது ஆறுதலும் கொண்டிருந்தேன்.

சென்ற விடுமுறையில் எங்கள் ஊர் வாலிபர் சங்கத்தார், ஞாயிறு காலை ஆராதனைக்குப் பின் நடைபெறும் தம் கூட்டத்தில் யான் பேசவேண்டுமென்று கேட்டுக்கொண்டனர். 'எளியோரை அழைக்கும் இறைவன்' என்பது அவர்கள் கொடுத்த பொருள். சனிக்கிழமை மாலை திண்ணையில் விளக்கருகே அமர்ந்து எழுதத் தொடங்கினேன். எழுத எழுதச் சான்றுகள் பெருகின. மோசே, தன் மாமனாகிய எத்திரோவின் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தபொழுது அழைக்கப்பட்டான். கிதியோன், மீதியானியருக்கு அஞ்சித் திராட்சை ஆலையின் மறைவிற் கோதுமையைப் போரடித்துக்கொண்டிருந்தான். ஆமோஸ், தெக்கோவா ஊர் மேய்ப்பருள் ஒருவன்; காட்டத்தி மரங்களைப் பேணிப் பிழைத்தவன்; தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லன். பேதுருவும் அந்திரேயாவும் கடலில் வலை வீசிக்கொண்டிருந்தனர். யாக்கோபும் யோவானும் படகிலிருந்து வலைகளைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தனர். மத்தேயு சுங்கச் சாவடியில் அமர்ந்திருந்தான். இவருள் எவரும் அழைப்பை எதிர்நோக்கிக் கைகட்டி வாளாவிருந்தவர் அல்லர். அவரவர் அன்றாட வேலையில் இருந்தவர். மோசேயின் கையில் இருந்ததும் மேய்ப்பனது வெறுங்கோலே. இறைவன் அக்கோலையே எடுத்தாண்டார். இவ்விடத்தை எழுதியபொழுது என் நெஞ்சம் பெருமிதங் கொண்டது. எதுகையும் மோனையும் தாமே வந்து விழுந்தன.

அவ்வேளையில் வாசலில் ஒரு குரல் கேட்டது.

"ஐயா, இருக்கிறாயா?"

எங்கள் தெருக் கோடியிலுள்ள மூதாட்டி ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். அவள் கணவன் பனையேறி. அவன் மறைந்து பல்லாண்டுகள் ஆயின. அவளுக்கு எழுத்தறிவு இல்லை. கண்களிலும் புரை படர்ந்துவிட்டது. கோலால் தரையைத் தட்டித் தட்டி அத்துணைத் தூரம் தனியே வந்திருந்தாள்.

"முதியோர் பணம் நின்று மூன்று மாதம் ஆகிறது, ஐயா. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்குவார்களாம். நாலு வரி எழுதித் தந்தாயானால் முதல் வண்டிக்கே போய்விடுவேன்."

"நாளைக்கு எழுதித் தருகிறேன், பாட்டி. இப்பொழுது பிரசங்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன்" என்றேன்.

"பிரசங்கமா? எழுது, ஐயா, எழுது. ஆண்டவர் காரியம் முந்தி" என்று சொல்லி, வந்த வழியே கோலைத் தட்டிக்கொண்டு இருளில் நடந்து சென்றாள். யான் விட்ட இடத்திலிருந்து எழுதலானேன்.

மறுநாட் பேச்சு நன்றாகவே அமைந்தது. போதகர் கைகுலுக்கினார். சபையின் மூப்பர் ஒருவர், வருங்காலத்தில் எங்கள் மேடைக்கு வரவேண்டிய பிள்ளை என்று பலர் கேட்கக் கூறினார். நண்பர் ஒருவர் இல்லத்தில் விருந்துண்டேன். மூதாட்டியை அடியோடு மறந்தேன்.

மாலையில் தெருக் கோடி வழியாக உலாவச் சென்றபொழுது, மூதாட்டியின் திண்ணையில் ஒரு சிறுமி குப்புறப் படுத்து எழுதிக்கொண்டிருக்கக் கண்டேன். அண்டை வீட்டுக் குழந்தை. ஐந்தாம் வகுப்பிற் படிப்பவள். மூதாட்டி சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். என்னைக் கண்டதும் நிமிர்ந்து, "அண்ணா, ஆட்சியர் என்பதற்குச் சின்ன ர-வா, பெரிய ற-வா? உதவித்தொகைக்கு நடுவில் த் வருமா?" என்று கேட்டாள்.

என் முகம் கன்றியது. "கொடு, அம்மா, யான் நன்றாக எழுதித் தருகிறேன்" என்று கை நீட்டினேன். மூதாட்டி என் குரலை அடையாளங் கண்டு சிரித்தாள்.

"இருக்கட்டும், ஐயா. நீ பெரிய வேலையில் இருந்தாய். இது சின்ன வேலை, பிள்ளை முடித்துவிட்டது."

அச்சொல்லில் எள்ளல் சிறிதும் இல்லை. இருந்திருப்பின் எனக்கு ஓரளவு ஆறுதலாக இருந்திருக்கும். அச்சிறுமியின் தாளை வாங்கிப் படித்தேன். ஒற்று மிகவேண்டிய இடங்களில் மிகவில்லை. மிகாத இடங்களில் மிகுந்திருந்தது. எனினும், பெயர் இருந்தது, ஊர் இருந்தது, எத்தனை மாதம் பணம் வரவில்லை என்பது இருந்தது. சொல்லவேண்டியதெல்லாம் அதில் இருந்தது. என் பிரசங்கத்திற் சந்திப்பிழை ஒன்றேனும் இல்லை; அதன் சிறப்பும் அவ்வளவே. அவள் கேட்ட இரண்டு ஐயங்களையும் தீர்த்துவிட்டு வீடு திரும்பினேன்.

எங்கள் பகுதியிற் கிறிஸ்தவப் பெண்டிர், உலையில் அரிசி இடுமுன் ஒரு கைப்பிடி எடுத்து ஊழியத்திற்கெனத் தனிக் கலயத்தில் இட்டுவைப்பது நெடுநாளைய வழக்கம். அன்றிரவும் ஆச்சி அவ்வாறு இட்டார். நடந்ததை அவரிடம் கூறினேன். கலயத்தை மூடிவிட்டு, "கண் தெரியாதவள், இருட்டில் உன்னைத் தேடி வந்தாள்" என்றார். வேறொன்றும் கூறவில்லை.

உறக்கம் வரவில்லை. என் பெயருக்குரியவனது வரலாற்றை எடுத்துப் படித்தேன். சிறுவயது முதல் மனப்பாடமான கதை அது. அன்றுதான் அதனை முதன்முறை படிப்பதுபோல் இருந்தது. இரவில் இறைவன் பெயர் சொல்லி அழைத்தபொழுது, அதனை இறைவன் குரலென்று சிறுவன் சாமுவேல் அறியவில்லை. முதியவனாகிய ஏலியே தன்னை அழைக்கின்றான் என்று எண்ணினான். ஏலியோ கண்ணொளி மங்கியவன். அவனுக்கு ஏதோ தேவை போலும் என்று சிறுவன் எழுந்து ஓடினான். தான் அழைக்கவில்லை என்று ஏலி கூறியும், இரண்டாமுறை ஓடினான், மூன்றாமுறையும் ஓடினான். அதன் பின்னரே அழைப்பவர் யார் என்பது ஏலிக்கு விளங்கியது; ஏலி வழியாகச் சிறுவனுக்கும் விளங்கியது. கண் மங்கிய ஒரு கிழவனுக்காக நள்ளிரவில் எழுந்திருக்கச் சோம்பும் பிள்ளையாக அவன் இருந்திருப்பின் யாது நேர்ந்திருக்கும்? "நாளைக்கு வருகிறேன்" என்று படுக்கையிலிருந்தபடியே அவன் கூறியிருப்பின்? தோழர்களே, இறைவன் குரல் நமக்கு வேண்டிய ஒருவர் குரலாகவோ, நம்மை வேண்டிய ஒருவர் குரலாகவோ வருதல் கூடும் என்பதை அன்றே உணர்ந்தேன். யான் ஒளியை நோக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குரலோ வாசலிற் கேட்டது.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. அமெரிக்க மிஷனெரிக் குடும்பத்தில் 1870-இற் பிறந்த ஐடா ஸ்கடர், தாம் ஊழியத்திற்கு வருவதில்லை என்ற முடிவுடன் இருந்தவர். நோயுற்ற தம் அன்னையைப் பேணுதற்பொருட்டே 1890-களில் திண்டிவனத்திற்கு வந்து தங்கினார். ஓர் இரவு, பேறுகால வேதனையில் இருந்த தம் மனைவியரைக் காக்கவேண்டி ஆடவர் மூவர் ஒருவர்பின் ஒருவராக அவர் வாசலுக்கு வந்தனர். அவரோ மருத்துவம் கல்லாதவர். அவர் தந்தை மருத்துவர். ஆயினும், ஆண் மருத்துவர் தம் வீட்டுப் பெண்டிரைத் தொடுதற்கு அம்மூவரும் இசையவில்லை. பொழுது விடிவதற்குள் பெண்கள் மூவரும் இறந்தனர். வானத்திலிருந்து ஓர் ஓசையும் அன்று எழவில்லை. வாசலில் மூன்று மனிதர் நின்று கேட்டனர், அவ்வளவே. அவர் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று 1899-இற் பட்டம் பெற்றார். 1900-இல் மீண்டுவந்து வேலூரிற் பணி தொடங்கினார். 1918-இற் பெண்களுக்கென ஒரு மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். அதுவே வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது.

இதனால், சிறு உதவிகள் செய்துகொண்டிருந்தாற் போதும், பெரிய அர்ப்பணம் வேண்டா என்று கூறுகின்றேன் என எவரும் கருதற்க. ஒரு மனு எழுதிக் கொடுப்பது எளிது. வாழ்நாளைக் கொடுப்பது அரிது. ஐடா அம்மையார் அவ்விரவிற் கண்ணீர் சிந்தியதோடு நின்றிருப்பாராயின், வேலூரில் இன்று ஒன்றும் இராது. சாமுவேலும் ஏலிக்குத் தண்ணீர் மொண்டு கொடுப்பதோடு அமைந்திருக்க இயலவில்லை. ஏலியின் குடும்பத்திற்கு வரவிருந்த தண்டனையை ஏலியிடமே கூறும் கடுஞ்சுமை பொழுது விடியுமுன் அவன்மேல் வைக்கப்பட்டது. ஆயினும், சிறு குரலுக்கு எழுந்திராதவன் பெருங்குரலுக்கு எழுந்திருப்பான் என்பது என்ன உறுதி? எழுந்திருப்பதும் ஒரு பழக்கமே.

தமிழ் பயில்வது ஊழியத்திற்குப் புறம்பு என்ற என் பழைய மயக்கமும் அன்று தெளிந்தது. 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற கிருஷ்ண பிள்ளை, தாம் முன்னரே கற்றிருந்த தமிழைக் களைந்துவிட்டு வரவில்லை. அத்தமிழைக் கொண்டே 1894-இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டார். அத்துணைப் பேராற்றல் எனக்கில்லை. ஆயினும், என் கையிலும் ஒரு கோல் இருக்கின்றது. அதனை யான் மேடைக்கென்றே பாதுகாத்துவந்தேன். அஃது இன்றியமையாது வேண்டப்பட்ட இடமோ, தெருக் கோடியில் ஓர் இருண்ட திண்ணை.

திங்களன்று அம்மனுவை வாங்கி, முத்திரையிட்டுச் சீட்டுக் கொடுத்தார்களாம். எழுத்துப் பிழையைப் பற்றி எவரும் ஒன்றும் கேட்கவில்லையாம். அச்சிறுமி இதனை என்னிடம் வந்து பெருமையோடு கூறினாள். யான் இறைவனைப் பற்றி எழுதிய பொழுதில் அவரே வாசலில் வந்து நின்றாரென்றும், அவருக்கு விடையளித்தவள் ஐந்தாம் வகுப்புச் சிறுமியென்றும் அவளிடம் எவ்வாறு விளக்குவது? "நன்றாய் எழுதினாய்" என்று மட்டும் கூறினேன்.

இவ்விதழ் தங்கள் கைக்கு வரும்பொழுது யான் மீண்டும் ஊரில் இருப்பேன். ஆச்சி வழக்கம்போல் என் முகத்தை நோக்கி அவ்வினாவை விடுப்பார். இம்முறை, "வந்தது, ஆச்சி, யான்தான் எழுந்திருக்கவில்லை" என்று உள்ளதைச் சொல்லிவிடக் கருதியிருக்கின்றேன். சாமுவேலை ஒருமுறை அழைத்ததோடு இறைவன் நிறுத்திவிடவில்லை என்பதை ஆச்சி என்னினும் நன்கறிவார். "இன்னும் வரும்" என்று சொல்லி அவர் அடுக்களைக்குள் போவார் என்றே நம்புகின்றேன்.