ஒட்டோ ஸ்கவுட்டை ஓஃப் பண்ணியாச்சு

ஏஜ் ஒப் எம்பயர்ஸ் 2 விளையாடிப் பழகின செட்டுக்குத்தான் இந்தப் பதிவு. 1999இல் வந்த கேமை 2019 நவம்பரில் டெஃபினிட்டிவ் எடிஷன் என்று புதுசாகச் செய்து விட்டார்கள் அல்லவா, அதை இப்போதுதான் இறக்கினேன். இங்கே ராகலையில் மேகம் இறங்கினால் சிக்னலும் இறங்கிவிடும். டவுன்லோட் முடிவதற்குள் பொறுமையே போய்விட்டது.

பண்ணை தானாகவே திரும்ப விதைத்துக்கொள்கிறது. இது நல்லதுதான், சண்டை நடுவே ஓடிவந்து விதைத்த காலத்தை நான் ஒன்றும் தேடவில்லை. ஆனால் ஸ்கவுட் குதிரையும் தானாகவே ஊர் சுற்றுமாம்! இருட்டு மேப்பில் ஆடு தேடுவதுதானே பாதி கேம்? அதை உடனே ஓஃப் பண்ணிவிட்டேன். கோட்டை கல் கல்லாக இடிந்து விழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் என் ஆட்கள் செத்தது வேறு கதை.

2022இல் வந்த 'டைனஸ்டீஸ் ஒப் இந்தியா'தான் என்னை வளைத்துப் போட்டது. அதில் திராவிடர் படை இருக்கிறது. உருமி வீரன், திரிசடைக் கப்பல், யுகம் மாறும்போதெல்லாம் 200 மரம் இனாம். வேலையாளைத் தட்டினால் தமிழில் பதில் சொல்கிறான்! ராஜேந்திர சோழனுக்குத் தனி கெம்பெய்னே உண்டு. 1017இல் சிங்கள மன்னன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்த சோழர் படையின் அதே ராஜேந்திரன். என் சிங்கள நண்பனோடு விளையாடினால் கிண்டலுக்குக் குறைவிருக்காது.

திராவிடருக்குக் குதிரைப்படை மட்டும் படுமோசம், நைட்டே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை இரவு யார் வாறீங்க? கடல் மேப் என்றால் நான் ரெடி.