சர்வருக்கு வந்த மறதி

பழைய சர்வர்களுக்கு ஒரு குணம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்வரை ஒரு குறையும் வெளியே தெரியாது. நிறுத்தினால்தான் வண்டவாளம் தண்டவாளம் ஏறும்.

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் அப்படி ஒன்று ஏழெட்டு வருடம் யுபிஎஸ் தயவில் இரவு பகலாக ஓடியது. சம்பளப் பட்டியல், வைப்புநிதிக் கணக்கு எல்லாம் அதில்தான். ஒரு பொங்கல் விடுமுறையில், வயரிங் மாற்றுவதற்காக மெயின் ஸ்விட்சையே அணைத்துவிட்டார்கள். நாலு நாள் கழித்துப் போட்டால் விண்டோஸ் வரவில்லை. கறுப்புத் திரையில் ‘சிமாஸ் செக்சம் எர்ரர்’ என்று ஒரு வரி. தேதி 2002 ஜனவரி 1. சம்பளத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

விஷயம் இதுதான். 1984-ல் ஐபிஎம் பிசி ஏடி வந்ததிலிருந்து, எந்த டிஸ்க்கிலிருந்து கிளம்ப வேண்டும், மணி என்ன என்பதையெல்லாம் சிமாஸ் என்ற சின்ன நினைவகம் வைத்திருக்கிறது. மின்சாரம் இல்லாத நேரத்தில் அதைக் காப்பது ஒரு பட்டன் செல். பெரும்பாலும் சிஆர் 2032. 3 வோல்ட், 20 மில்லிமீட்டர் அகலம். பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை அந்த செல்லுக்கு வேலையே இல்லை. அதனால் அது எப்போது செத்தது என்று யாருக்கும் தெரியாது.

சர்வீஸுக்கு வந்த பையன் கெட்டிக்காரன்தான். ஆனால் ஜோடியாக இருக்க வேண்டிய இரண்டு டிஸ்க்கும் தனித்தனியாகத் தெரிந்ததும், “ரெய்டு போயிடுச்சு சார், புதுசா உருவாக்கிடலாம்” என்றான். “கொஞ்சம் பொறு தம்பி” என்றேன். புதிதாக உருவாக்கினால் உள்ளே இருப்பது அழிந்துபோக வாய்ப்பு உண்டு. பேக்கப் டேப் இருந்தது. அதிலிருந்து யாரும் எதையும் மீட்டுப் பார்த்ததில்லை.

ஓய்வுபெற்றுப் போன எங்கள் சீனியர் ஒருவர், சர்வர் வந்த அன்றே ஒவ்வொரு செட்டப் திரையையும் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். பீரோவில் தேடி எடுத்தோம். ‘சாட்டா மோட்: ரெய்டு’ என்று அவர் கையெழுத்து. திரையில் இருந்ததோ ஐடிஇ. அந்த மாதிரி போர்டுகளில் ஜோடி பற்றிய குறிப்பு டிஸ்க்குகளிலேயே பதிந்திருக்கும். மறந்துபோனது போர்டு மட்டும்தான்.

பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு முதலில் செல்லை மாற்றினோம். அடுத்து தேதி, நேரம். இல்லாவிட்டால் 2002-ல் சம்பளம் போட்ட மாதிரி பதிவாகும். பிறகு டிஸ்க் மோட், பூட் வரிசை. மறுபடி போட்டதும் இரண்டு டிஸ்க்கும் ஜோடி சேர்ந்து நின்றன. கணக்கில் ஒரு வரி குறையவில்லை. செலவு, இரண்டு காபி விலை.

இப்போதைய இயந்திரங்களில் பல அமைப்புகள் செல் இல்லாமலே நிற்கும் ஃப்ளாஷ் நினைவகத்தில் இருக்கின்றன. கடிகாரத்துக்கு மட்டும் இன்னும் செல் வேண்டும். உங்கள் பொறுப்பில் பழைய சர்வர் இருந்தால், திட்டமிட்டு நிறுத்துவதற்கு முன்பே புது செல் ஒன்று வாங்கி வையுங்கள். செட்டப் திரைகளைப் போனில் படம் எடுத்து, காகிதத்திலும் ஒரு பிரதி போடுங்கள். அந்தப் படங்களை அதே சர்வரில் மட்டும் சேமித்து வைக்காதீர்கள்.